ட்ரம்பெட் மவுத்பீஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல் சுரம் எட்டவில்லை என்றதும் பலர் சின்ன மவுத்பீஸ் (ட்ரம்பெட்டில் உதட்டை வைத்து ஊதும் முனை) தேடக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் மேலே சுலபமாக ஏறுவதுபோல இருக்கும். இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடுவீர்கள். கூடவே கீழ் சுரங்களும் மெலிந்திருக்கும். உள்விட்டம் குறைந்தால் உதடு அதிர இடம் குறைகிறது. உள்ளே கிண்ணம்போல் இருக்கும் கப்பும் ஆழமில்லாததாக இருந்தால், களைத்த உதடு உள்ளே பிதுங்கிக் கப்பைத் தொட, ஒலி சட்டென்று நின்றுவிடும்.

அடுத்த தவறு, எண்ணை மட்டும் நம்புவது. பாக் நிறுவன மவுத்பீஸில் எண் குறையக் குறைய விட்டம் கூடும்: 7சி 16.20 மி.மீ., 3சி 16.30 மி.மீ. யமஹாவில் தலைகீழ்: எண் கூடினால் விட்டமும் கூடும், 11பி4 என்பது 16.46 மி.மீ. எழுத்துகளும் அப்படித்தான். பாக்கில் ஏ ஆழமான கப், யமஹாவில் ஏ ஆழம் குறைந்தது. யமஹாவின் கடைசி எண், உதடு பதியும் வளையமான ரிம்மின் வளைவைச் சொல்கிறது: 1 உருண்டை, 5 தட்டை.

மி.மீ. கணக்கும் முழு உண்மை சொல்லாது. விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே அளப்பது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ரிம்மின் மேடு உட்பக்கம் இருந்தால் அதே அளவு குறுகலாகவும், வெளிப்பக்கம் இருந்தால் அகலமாகவும் உதட்டுக்குத் தெரியும். உள்விளிம்பை 'பைட்' என்பார்கள். அது கூராக இருந்தால் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று தொடங்கும், ஆனால் ஸ்லர், அதாவது நாக்கால் வெட்டாமல் சுரங்களை இணைத்து, வாசிக்கையில் உதடு இடறும். மழுங்கலாக இருந்தால் ஸ்லர் வழுக்கிக்கொண்டு போகும், தொடக்கம் குழையும்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. உதடு வலிக்கிறது என்று அகலமான, தட்டையான ரிம் வாங்குவது. அழுத்தம் பரவுவதால் வலி தெரியாமல் போகும், அழுத்துவது நிற்காது. உதட்டில் ரத்த ஓட்டம் அப்போதும் தடைபடும், அகன்ற ரிம் உதட்டைப் பிடித்துவைப்பதால் பெரிய தாவல்கள் சிக்கும். பல்லில் கம்பி போட்டிருப்பவருக்கு அகல ரிம் நல்ல துணைதான். மற்றவர்கள் முதலில் வலது சுண்டுவிரலை ட்ரம்பெட்டின் விரல் கொக்கியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு இசைக்குறிப்பில் ஒரு பக்கம் வாசியுங்கள். அந்த விரல்தான் கருவியை உதட்டின் மேல் இழுக்கிறது. விரலை எடுத்ததும் மேல் சுரம் காணாமல் போனால் குறை ரிம்மில் இல்லை.

சோதிக்கும்போது ரிம், கப் இரண்டையும் ஒருசேர மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாது. திருகிக் கழற்றும் ரிம் உள்ள மவுத்பீஸ் இதற்கு உதவும். பதினைந்து நிமிடம் உதட்டைப் பதப்படுத்திய பின், நடு ஜி-யை மிக மெல்ல, நாக்கால் பத்து முறை தொடங்குங்கள். எத்தனை முறை வெறும் காற்று வந்தது என்று எண்ணுங்கள். பிறகு கீழ் சி, ஜி, மேல் சி என்று ஸ்லர். நாற்பது நிமிடம் வாசித்துவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். களைத்த உதடு சொல்வதைத்தான் நம்பலாம். தேர்ந்தெடுத்ததை இரண்டு வாரமாவது மாற்றாமல் வாசியுங்கள்.

பழைய மவுத்பீஸ் வாங்கினால் ரிம்மைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற இடத்தில் உதடும் வெட்டுப்படும். வெள்ளி தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால், சிலருக்குத் தோல் அரிக்கும். மறுபடி முலாம் போட வேண்டும். நகம் தட்டுகிற இடத்தை வீட்டில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ரிம்மின் வளைவே மாறிவிடும்.