சேர்க்கிட் செய்யிற பிள்ளையள் திரும்பத் திரும்ப விடுற பிழையள்

போன வருசம் ஆவணியில, கிணத்துத் தண்ணி வத்தி அடிக்குப் போயிருந்த நேரம், சித்தப்பாவின்ர தோட்டத்துக்கு நான் செய்து குடுத்த ஓட்டோ மோட்டர் பெட்டி ஒரு இரவு முழுக்க நிக்காம ஓடிப் போட்டுது. தாங்கி நிரம்பினா மோட்டர் நிக்க வேணும், அதுக்குத்தான் அந்தப் பெட்டியே. விடிய சித்தப்பா கோல் எடுத்து, "தம்பி, உன்ர பெட்டி நிக்குதில்லை, கிணத்தில தண்ணி இல்லை, மோட்டர் கத்துது" எண்டார். ஓடிப் போய்ப் பாத்தா பெட்டிக்கு மூளை மாதிரி இருக்கிற ஆர்டுயினோ போர்ட் ஒழுங்கா வேலை செய்யுது, அது சொல்லச் சொல்ல மோட்டரைப் போட்டு நிப்பாட்டுற ரிலே சுவிச்சின்ர போர்ட்டில இருக்கிற சின்ன லைட்டும் நூந்துதான் கிடக்கு, ஆனா மோட்டர் ஓடுது. ஸ்க்ரூ டிரைவரின்ர பிடியால ரிலேயில மெதுவா ஒரு தட்டுத் தட்டினன், டக் எண்டு விட்டுது, மோட்டர் நிண்டுது. மெயினை நிப்பாட்டிப் போட்டு அந்த நீலப் பெட்டியின்ர மூடியைக் கிளப்பிப் பாத்தா உள்ளுக்க கரண்டைச் சேத்துப் பிரிக்கிற ரெண்டு கொன்டாக்டும் கறுத்து, கடுகளவு இடத்தில உருகி ஒண்டோட ஒண்டு ஒட்டின அடையாளம். மோட்டரின்ர சீல் எரிஞ்சு போச்சு. ரெண்டு கிழமை மினக்கெட்டு நான் எழுதின கோடில (புரோகிராமில) ஒரு பிழையும் இல்லை.

பிழை எங்க எண்டா, ரிலேக்கு மேல 10 அம்பியர் 250 வோல்ட் எண்டு அச்சடிச்சிருக்கிறதை நான் அப்பிடியே நம்பினது. அந்த 10 அம்பியர் பல்ப், ஹீற்றர் மாதிரி அமைதியான லோட்டுக்குச் சொல்லுற கணக்கு. ஒரு குதிரை வலு மோட்டர் ஓடேக்க அஞ்சு ஆறு அம்பியர்தான் இழுக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகிற அந்தக் கண நேரத்தில அதைப்போல அஞ்சு மடங்குக்கு மேலயும் இழுக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொன்டாக்டில பொறி பறக்கும், கொஞ்சம் கொஞ்சமா உருகும், ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். ஆனபடியால் சின்ன ரிலேயை மோட்டருக்கு நேர கொழுவாதேங்கோ. ரிலே, கொன்டாக்டர் எண்ட பெரிய சுவிச்சின்ர கோயிலை (கம்பிச் சுருளை) மட்டும் இயக்கட்டும், மோட்டரின்ர பாரத்தைக் கொன்டாக்டர் தாங்கட்டும், அதோட கரண்ட் கூடினா மோட்டரை நிப்பாட்டுற ஓவர்லோட்டும் போடுங்கோ. செலவு கூடத்தான், எண்டாலும் ஒரு மோட்டர் திருப்பிக் கட்டுற காசை விடக் குறைவு.

இதுக்குப் பிறகு என்னட்டை வாற பிள்ளையளின்ர புரொஜெக்டுகளை ஒவ்வொண்டாப் பாக்கத் தொடங்கினன். பத்தில எட்டுக்குக் கோடு சரி. கரண்ட் எங்கால வருது, எவ்வளவு வருது, எங்கால திரும்பிப் போகுது எண்டதைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்லை. இது எங்கட ஊர்ப் பழக்கம் எண்டு எனக்குப் படுது. 1990கள்ல சண்டை நேரம் வன்னிக்குள்ள கரண்டும் இல்லை, பற்றரி கொண்டு வரவும் தடை. அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வாற கரண்டில றேடியோ கேட்டவர். இருக்கிறதை வைச்சு சமாளிச்சு வளந்த ஆக்கள் நாங்கள், அது பெரிய கெட்டித்தனம்தான். ஆனா அந்த அப்பாவே சுத்திற வேகத்தில கண்ணா இருந்தவர். டைனமோ 6 வோல்ட் எண்டாலும் லோட் இல்லாம வேகமாச் சுத்தினா வோல்ட் எக்கச்சக்கமா ஏறும், றேடியோ போயிடும். "ஒரே அளவாச் சுத்தடா" எண்டு சொல்லிச் சொல்லித்தான் தந்தவர். சமாளிக்கிறதை நாங்கள் எடுத்துக்கொண்டம், அந்த அளவு பாக்கிறதை விட்டுட்டம்.

அதே கதைதான் இப்ப சோலரில நடக்குது. 12 வோல்ட் பனல் எண்டு வாங்கி, அதை நேர போர்ட்டுக்குக் குடுக்கினம். அந்தப் பனல் உச்சி வெயிலில லோட் இல்லாம 21, 22 வோல்ட் காட்டும், மீற்றரை வைச்சுப் பாருங்கோ. பனலுக்கும் பற்றரிக்கும் இடையில, பற்றரிக்குப் போறதை அளவாக்கிற சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம் வேணும். பற்றரிக்குப் பிறகும் கவனம், 12 வோல்ட் ஈயப் பற்றரி சார்ஜ் ஆகேக்க 14.4 வரைக்கும் போகும். அதில இருந்து 5 வோல்ட் எடுக்க 7805 எண்ட மூண்டு கால் ரெகுலேற்றர் போடுறதெண்டா ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கோ: 14 இல 5 போக மிச்சம் 9 வோல்ட், அரை அம்பியர் இழுத்தா நாலரை வாட் சும்மா சூடாப் போகுது, சூட்டை இறக்கிற ஹீற் சிங்க் தகடு இல்லாட்டி கை வைக்கேலாது, கொஞ்ச நேரத்தில தானே நிண்டிடும். அதுக்குப் பதிலா, அவ்வளவு சூடாகாமல் வோல்டைக் குறைக்கிற பக் கொன்வேட்டர் போர்ட் ஒண்டு போடுங்கோ, மலிவுதான். ஆனா அதிலயும் ஒரு பிழை விடுறவை: வாங்கின உடன கொழுவிப் போடுவினம். அதில வோல்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னப் பித்தளை ஸ்க்ரூ எந்த அளவில நிக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? முதல்ல ஒண்டும் கொழுவாம, மீற்றரை அவுட்புட்டில வைச்சு 5 வோல்ட்டுக்குத் திருகிக் கொண்டு வந்திட்டு, பேந்து போர்ட்டைக் கொழுவுங்கோ.

பற்றரிக்குப் பக்கத்தில பியூஸ் போடாம விடாதேங்கோ. 12 வோல்ட் ஷொக் அடிக்காதுதான், ஆனா ஒரு வாகனப் பற்றரி ஷோர்ட் ஆனா நூற்றுக் கணக்கில அம்பியர் தள்ளும், வயர் செக்கனில சிவக்கும். பியூஸ் இருக்க வேண்டிய இடம் பிளஸ் முனைக்குக் கிட்ட, தூரத்தில பெட்டிக்குள்ள இல்லை.

வயர் மொத்தம் (தடிப்பு) பாக்காத பிழை எங்கட பக்கம் கனக்க. வீட்டுக்கும் கிணத்துக்கும் 30 மீற்றர் தூரம் எண்டு வையுங்கோ, 1 சதுர மில்லி மீற்றர் செப்பு வயர், போய் வர 60 மீற்றர். அந்த வயரே கிட்டத்தட்ட 1 ஓம். 12 வோல்ட் பம்ப் 3 அம்பியர் இழுத்தா வயரிலயே 3 வோல்ட் போயிடும், பம்புக்குப் போய்ச் சேருறது 9 தான். பிள்ளை என்னட்டை வந்து "அண்ணை, பம்ப் டூப்ளிகேட்" எண்டு சொல்லுது, பம்பில ஒரு பிழையும் இல்லை. மொத்த வயர் போடுங்கோ, இல்லாட்டிப் பற்றரியைக் கிணத்தடிக்குக் கொண்டு போங்கோ. மலிவு வயர் சிலதில உள்ளுக்க அலுமினியம், மேலால செப்புப் பூச்சு மட்டும். நுனியைச் சுரண்டிப் பாத்தா வெள்ளையாத் தெரியும், அதை விட்டிடுங்கோ.

இனி மேசையில நடக்கிறது. ஆர்டுயினோ உனோ போர்ட்டின்ர ஒரு பின்னில (வயர் கொழுவுற காலில) 20 மில்லி அம்பியருக்கு மேல எடுக்காம இருக்கிறது நல்லம், 40 தான் அதின்ர கடைசி எல்லை. 5 வோல்ட் ரிலே ஒண்டின்ர கோயில் மட்டும் 70 அளவில இழுக்கும். அதை நேர பின்னில கொழுவினா ரெண்டு நாள் வேலை செய்யும், பிறகு அந்தப் பின் செத்துப் போகும். இடையில சின்னக் கரண்டால பெரிய கரண்டை இயக்கிற ஒரு ட்ரான்சிஸ்டர், கோயிலுக்குக் குறுக்கால கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற ஒரு டயோட், பட்டை போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. கோயிலை நிப்பாட்டேக்க அது திருப்பி உதைக்கிற வோல்டை அந்த டயோட்தான் வாங்கிக்கொள்ளும். ரெடியா வாற ரிலே போர்ட்டில இதெல்லாம் இருக்கும், தனி ரிலே வாங்கிறவை மறக்கக் கூடாது. எல்ஈடிக்கும் அப்பிடித்தான், 5 வோல்ட்டில சிவப்பு எல்ஈடி எண்டா 220 ஓம் ரெசிஸ்டர் ஒண்டு, அவ்வளவுதான் வேலை.

வைஃபை உள்ள இஎஸ்பி 32 போர்ட் வாங்கிற ஆக்கள் கவனிக்க வேண்டியது, அது 3.3 வோல்ட் போர்ட். தாங்கியில தண்ணி மட்டம் பாக்கிற அல்ட்ராசொனிக் சென்சரின்ர எக்கோ கால் 5 வோல்ட் தரும், அதை நேர குடுக்காதேங்கோ. எக்கோவில இருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கால கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கத்துக்கு) 2 கிலோ ஓம், நடுவில இருந்து எடுத்தா 3.3 வரும். வைஃபை அனுப்புற நேரம் அந்த போர்ட் திடீரெண்டு நூற்றுக் கணக்கான மில்லி அம்பியர் இழுக்கும், சப்ளை சோர்வா இருந்தா ரீசெற் ஆகிக்கொண்டே நிக்கும். பிள்ளையள் கோடைத் திருப்பித் திருப்பி எழுதுவினம், பக்கத்தில ஒரு 470 மைக்ரோ ஃபராட் கப்பாசிற்றர் போட்டா நிண்டிடும். அதின்ர மைனஸ் பக்கம் பாத்துப் போடுங்கோ, மாறினா வெடிக்கும்.

ரெண்டு சப்ளை பாவிச்சா ரெண்டின்ர கிரவுண்டையும் ஒண்டாச் சேருங்கோ. மெயின் கரண்டின்ர நியூட்ரலைச் சொல்லேல்லை, அதைத் தொடவே வேண்டாம், இந்த 5, 12 வோல்ட் பக்கத்தைத்தான் சொல்லுறன். சென்சர் பைத்தியம் மாதிரி வாசிக்குதெண்டு கொண்டு வாறதில கனக்க இதுதான்.

மண் ஈரம் பாக்கிற சென்சரைப் பற்றி ஒருக்காச் சொல்ல வேணும், ஏனெண்டா மிளகாய்த் தோட்டம் வைச்சிருக்கிற எல்லாரும் முதல் வாங்கிறது அதைத்தான். ரெண்டு கால் இருக்கிற அந்த மலிவு சென்சரை 24 மணித்தியாலமும் கரண்டில விட்டு மண்ணுக்க குத்தி வைச்சா, ரெண்டு கிழமையில எடுத்துப் பாருங்கோ, ஒரு காலில பச்சையாப் பூத்திருக்கும், செப்புக் கோடு அரைவாசி தின்னப்பட்டு அடிப் பலகை தெரியும். ஈர மண்ணுக்க கரண்ட் ஒரே பக்கமா ஓடினா உலோகம் கரையும். வாசிக்கிற நேரம் மட்டும் போர்ட்டின்ர ஒரு பின் மூலமாப் பவர் குடுத்து, வாசிச்ச உடன நிப்பாட்டுங்கோ, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாசிச்சாக் காணும். இல்லாட்டி கப்பாசிற்றிவ் வகை வாங்குங்கோ, அதில உலோகம் மண்ணில படாது, ஆனா மேல் பக்கத்து விளிம்புக்கு வார்னிஷ் பூச வேணும், தண்ணி பட்டா அதுவும் போயிடும்.

ஈயம் வைக்கிறதில, ஈயத்தை சோல்டரிங் அயனில உருக்கிக் கொண்டு போய்ப் பூசாதேங்கோ. சாமானின்ர காலையும் போர்ட்டின்ர செப்புத் தகட்டையும் சேத்துச் சூடாக்கி, அந்தச் சூட்டில ஈயம் தானா ஓட வேணும். மினுங்காமல் உருண்டையா நிண்டா அது பிடிக்கேல்லை. வெறும் வாயில ஊதாதேங்கோ, வேலை முடிய சோப் போட்டுக் கை கழுவிப் போட்டுத்தான் சாப்பாடு.

பழைய லப்டொப் பற்றரியில இருந்து 18650 எண்ட உருளை லிதியம் செல் கழட்டுறவை, 2 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினதை எறிஞ்சிடுங்கோ, உயிர்ப்பிக்கப் பாக்காதேங்கோ. முழு சார்ஜ் 4.2 வோல்ட், அதுக்கு மேல போனா நெருப்புப் பிடிக்கலாம். புதுசு வாங்கிறதெண்டா 9900 மில்லி அம்பியர் அவர் (எம்ஏஎச்) எண்டு எழுதியிருக்கிறது பொய், அந்த அளவு செல்லில அதில பாதிகூட வராது.

வெளியில வைக்கிற பெட்டியில ஓட்டை விடாதேங்கோ. எங்கட ஊரில சூடான பெட்டிக்குள்ள முதல் வாறது எறும்பு, அடுத்தது பல்லி. நான் திறந்து பாத்த ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில ஒரு பல்லி காய்ஞ்சு கிடந்தது, அதுதான் ஷோர்ட். வயர் போற வழியைக் கீழ்ப்பக்கமா வைச்சு, வயரைச் சுத்தி இறுக்கிற கிளாண்ட் போடுங்கோ. சிலிக்கன் அடைக்கிறதெண்டா வினாகிரி மணக்கிற வகை வேண்டாம், அதில வாற அமிலம் செப்பை அரிக்கும்.

மெயின் கரண்ட் 230 வோல்ட்டை, ஈயம் வைக்காமல் வயர் குத்திற பிரெட்போர்டில கொண்டு வராதேங்கோ. பழைய சார்ஜர், டிவி கழட்டுறவை, ப்ளக்கைக் கழட்டின பிறகும் பெரிய கப்பாசிற்றரில 325 வோல்ட் அளவில நிக்கலாம், மீற்றர் வைச்சுப் பாக்காமல் விரல் வைக்கக் கூடாது. மீற்றரும் முதல்ல வோல்ட்டில நிக்குதா, சிவப்பு வயர் 10 அம்பியர் ஓட்டையில குத்திக் கிடக்கா எண்டு பாருங்கோ. வேலை செய்யிற ப்ளக் பொயின்டுக்கு கரண்ட் கசிஞ்சா விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கா, அதின்ர டெஸ்ட் பட்டனை அமத்தினா விழுகுதா எண்டும்.

கடைசியா ஒண்டு, இதைக் கேட்டு என்னட்டை வருசத்துக்கு ரெண்டு மூண்டு பேர் வருவினம்: பண்டிக்கும் யானைக்கும் வேலி, வீட்டுக் கரண்டில இருந்து நேர ஒரு கம்பி. நான் செய்து குடுக்க மாட்டன், நீங்களும் ஆருக்கும் செய்து குடுக்காதேங்கோ. ஒழுங்கான வேலி எனர்ஜைசர் செக்கனுக்கு ஒருக்கா, கண் இமைக்கிற நேரத்திலயும் குறைவா ஒரு உதை குடுத்திட்டு விடும், பட்ட ஆளோ மிருகமோ விலகலாம். மெயின் கம்பி விடாது, தசை இறுகிக் கை அதிலயே பிடிச்சுக்கொள்ளும். அது சட்டவிரோதம், விடியக் காலமை வயலுக்குத் தண்ணி கட்டப் போற அயல் வீட்டு ஆளுக்கு அந்தக் கம்பி இருட்டில தெரியவும் மாட்டுது. வேலி வேணுமெண்டா எனர்ஜைசரை வாங்கி, 12 வோல்ட் பற்றரியும் சோலரும் வைச்சு நான் கட்டித் தாறன், கம்பியில மஞ்சள் எச்சரிக்கைப் போர்ட்டும் தொங்க விடுவம்.