ஒரே பானையில் சமைத்துத் தட்டில் பிரிப்போம்: ஒத்துக்கொள்ளாத உணவுகள் உள்ள குழந்தைக்கும் குடும்பத்துக்கும் சைவச் சமையல்

குழந்தைக்குச் சில உணவுகள் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த முதல் வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். வழக்கமான சமையல் ஒருபுறம் நடக்க, குழந்தைக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் தனியாக அடுப்பில் ஏறும். இந்த ஏற்பாடு பத்து நாள் தாங்குவதே அரிது. சமைப்பவர் களைத்துப்போவார், குழந்தை தன் தட்டை விட்டுவிட்டு அடுத்தவர் தட்டையே பார்க்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே ஒரே கரண்டி போய்வரத் தொடங்கிவிடும். நான் பரிந்துரைக்கும் முறை இதற்கு நேரெதிரானது. குழந்தைக்குப் பொருந்தும் உணவையே எல்லோருக்குமான அடிப்படையாகச் சமைத்து, மற்றவர்களுக்கு வேண்டியதைக் கடைசியில் அவரவர் தட்டில் சேர்த்துக்கொள்வது.

படி 1: எது, எந்த வகையில் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘பால் சேராது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிலைகள் இருக்கலாம். பாலிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதித் தாக்குவது ஒவ்வாமை. இதில் மிகச் சிறிய அளவும் ஆபத்தாகலாம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி போதாமல் வயிறு உப்புவதும் வயிற்றுப்போக்கு ஏற்படுவதும் சகிப்பின்மை. இதில் அளவுதான் முக்கியம், பால் குடித்தால் அவதிப்படும் குழந்தை கொஞ்சம் தயிரைச் சிரமமின்றிச் சாப்பிடவும் கூடும். கடையில் கிடைக்கும் ‘லாக்டோஸ் இல்லாத பால்’ சகிப்பின்மை உள்ள குழந்தைக்கு உதவும், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உதவாது. ஏனெனில் அதில் பால் புரதம் அப்படியே இருக்கிறது.

கோதுமையிலும் இப்படித்தான். கோதுமை ஒவ்வாமை வேறு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் சீலியாக் நோய் வேறு. சீலியாக் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், இரத்தப் பரிசோதனை முடியும் முன்னர் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். குளூட்டனை நிறுத்தியபின் எடுக்கும் பரிசோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். நல்லெண்ணத்தில் பெற்றோர் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகளில் இதுவே பெரிது என்று நினைக்கிறேன்.

உதடு அல்லது நாக்கு வீங்குதல், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, திடீரெனத் துவண்டுபோதல் ஆகியவை அவசர நிலை. மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் உடனே அதைப் போட்டு, அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். கைவைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

மற்றபடி, மருத்துவரைப் பார்க்கும் வரை ஒரு நோட்டுப்புத்தகம் போதும். என்ன உணவு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த நிறுவனத் தயாரிப்பு, அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது, அன்று காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்ததா என்பவற்றை எழுதுங்கள். ‘சாப்பிட்டதும் வயிற்று வலி’ என்று எழுதுவதைவிட ‘12.30க்கு அரைக் கப் பால், 2 மணிக்கு வயிற்று வலி’ என்று எழுதுவது மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும்.

படி 2: ஒன்றை நீக்கும்போதே அதன் இடத்தில் எது வரும் என்று முடிவுசெய்யுங்கள்

சைவ உணவில் புரதத்துக்கான வழிகள் ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைவு. பால், பருப்பு, சோயா, கொட்டைகள், விதைகள் என்ற அந்தப் பட்டியலில் ஒன்றோ இரண்டோ அடிபட்டால், மிஞ்சியவை கூடுதல் பாரம் சுமக்க வேண்டும். 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை நாளொன்றுக்கு 19 கிராம் புரதமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 1.2 மைக்ரோகிராம் பி12 வைட்டமினும் ஆகும். அரைக் கப் வெந்த பருப்பில் ஏறத்தாழ 9 கிராம் புரதம் கிடைத்துவிடுவதால் புரதக் கணக்கை எளிதில் சமாளிக்கலாம். சிக்கல் வருவது கால்சியத்திலும் பி12-இலும்தான்.

பாலை நிறுத்தினால், கால்சியமும் பி12-உம் சேர்க்கப்பட்ட தாவரப் பாலைத் தேட வேண்டியிருக்கும். அவற்றில் சோயா பாலின் புரதம் பசும்பாலுக்கு நெருங்கி வருகிறது. பாதாம், அரிசி, தேங்காய்ப் பால்களில் புரதம் மிகக் குறைவு. பார்ப்பதற்கு வெள்ளையாக இருப்பதாலேயே தேங்காய்ப் பால் பசும்பாலுக்கு ஈடாகிவிடாது. சுவைக்கு மட்டும் அது நல்ல மாற்று. ஆட்டுப் பாலும் மாற்றல்ல, பசும்பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. இயற்கையான தாவர உணவுகளை நம்பி பி12 பெற முடியாது என்பதால், பாலும் முட்டையும் இல்லாத குழந்தைக்குச் செறிவூட்டிய உணவோ மருத்துவர் சொல்லும் மருந்தோ கட்டாயம் தேவை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த மாற்றுப் பால் எதுவுமே தாய்ப்பாலுக்கோ மருத்துவர் பரிந்துரைத்த பால்மாவுக்கோ பதிலாகாது.

இதே காரணத்தால், ஐயத்தின் பேரில் ஐந்தாறு உணவுகளை ஒரேயடியாக நிறுத்துவதை நான் ஆதரிப்பதில்லை. நிறுத்துவது எளிது, எது குற்றவாளி என்று பிறகு கண்டுபிடிப்பதுதான் கடினம்.

படி 3: லேபிளைப் படியுங்கள்

கேசீன், கேசினேட், வே, லாக்டால்புமின் என்று எழுதியிருந்தால் அது பால். ரவை, மைதா, கூஸ்கூஸ், செய்டான் எல்லாம் கோதுமை. மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. தஹினி என்பது எள். சாதாரண சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் உண்டு. பெருங்காயத்தூளில் பெரும்பாலும் ஏதோ ஒரு மாவு கலந்திருக்கும். நெய்யில் பால் புரதத்தின் மிச்சம் இருக்கலாம் என்பதால் பால் ஒவ்வாமைக்கு அதுவும் விலக்கே. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை இல்லையென்றாலும் வயலிலும் ஆலையிலும் கலந்துவிடுவதால், குளூட்டன் இல்லை என்று உறுதியளித்த ஓட்ஸை மட்டும், அதுவும் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

பொட்டலத்தில் தனித்துக் காட்டியே ஆகவேண்டிய பொருள்களின் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவை 14, கடுகும் அதில் அடங்கும். அமெரிக்காவில் 9, அதில் கடுகு இல்லை. ஆகவே, தடித்த எழுத்தில் இல்லை என்பதால் பொருளே இல்லை என்று எண்ணிவிடாமல் முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். வழக்கமாக வாங்கும் பொருளானாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். அறிவிப்பில்லாமல் கலவை மாறும்.

படி 4: சமையலறையை ஒழுங்குபடுத்துங்கள்

எங்கள் வீட்டில் கோதுமை மாவு இருந்த டப்பாவை நானே தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் அரிசி மாவை நிரப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. எதைச் சாப்பிட்டது என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மூடியின் மரைக்குள் பழைய மாவு ஒரு வளையமாக இறுகிப் படிந்திருப்பதைக் கண்டேன். ஊசியால் கீறித்தான் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து குழந்தைக்கான மாவுகளுக்குப் புதிய டப்பாக்கள்தான்.

அதே தர்க்கம் துளையும் கீறலும் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். சல்லடை, வடிகட்டி, மரக்கரண்டி, மரப்பலகை, டோஸ்டர் ஆகியவற்றை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது, அவை தனியாக இருப்பதே நல்லது. வழவழப்பான எவர்சில்வர் பாத்திரங்களைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவினால் போதும். கொதிக்கும் எண்ணெய் எதையும் அழித்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. மைதா தோய்த்த பலகாரம் பொரித்த எண்ணெயில் குளூட்டன் தங்கிவிடுகிறது. கையில் தேய்க்கும் கிருமிநாசினித் திரவமும் உணவுப் புரதத்தை அகற்றாது, கழுவத்தான் வேண்டும். மாவு பறக்கும் வேலையைக் குழந்தையின் உணவு தயாராகி மூடி வைத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அடிப்படைப் பானையைச் சமைத்துப் பாருங்கள்

முதல் முயற்சிக்குப் பருப்புக் காய்கறிச் சாதம் ஏற்றது. பால், குளூட்டன், சோயா, கொட்டை, எள் எதுவும் அதற்குத் தேவையில்லை. தவறினாலும் குழையும், அவ்வளவுதான்.

நால்வருக்கு ஒரு கப் அரிசி, அதாவது 200 கிராம். அரைக் கப் பாசிப்பருப்பு, 100 கிராம். பொடியாக நறுக்கிய கேரட், பூசணி, பீன்ஸ் சேர்ந்து இரண்டு கப். இஞ்சி சிறு துண்டு. மஞ்சள்தூள், உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். நீர் ஐந்து கப். அரிசியையும் பருப்பையும் கழுவும் முன் தட்டில் பரப்பிப் பார்வையிடுங்கள், பருப்போடு ஒன்றிரண்டு கோதுமை மணிகள் வந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு மூன்று முறை கழுவி, அரை மணிநேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய நீரோடு போய்விடும்.

குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் இஞ்சியை வதக்கிக் காய்களைச் சேர்த்து, அவற்றின் நிறம் சற்றே அடர்த்தியாகும் வரை கிளறி, மஞ்சள்தூளும் உப்பும் அரிசியும் பருப்பும் நீரும் சேர்த்து மூடி, நான்கைந்து விசில் விடுங்கள். ஆவி தானாக அடங்கியபின் திறந்தால் மேலே மஞ்சள் நீர் தனித்து நிற்பதுபோலத் தெரியும். கலங்க வேண்டாம், கரண்டியின் பின்புறத்தால் ஓரத்தில் அழுத்தியபடி இரண்டு நிமிடம் கிளறினால் பூசணி கரைந்து எல்லாம் ஒன்றுகூடி, வெண்ணெய் சேர்த்ததுபோன்ற பளபளப்பு வந்துவிடும்.

இனிதான் முறையின் உயிர்நாடி. வேறெதையும் தொடுவதற்கு முன்னர் குழந்தையின் பங்கை அதன் தட்டில் எடுத்து, எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்து அப்பால் வையுங்கள். எலுமிச்சையின் வைட்டமின் சி, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். பானையை மூடுங்கள். அதன்பிறகே பெரியவர்களுக்கான தயிர், வறுத்த முந்திரி, மிளகாய்த் தாளிதம் ஆகியவை வெளியே வரலாம், ஒவ்வொன்றும் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு. சேர்க்கை தட்டில்தான், பானையில் அல்ல. தயிர் பட்ட கரண்டி பானைக்குத் திரும்பக் கூடாது. குழந்தைக்குக் கூடுதல் சாதம் தேவைப்படலாம் என்பதால் பானை கடைசிவரை தூய்மையாக இருக்க வேண்டும். இந்த அளவில் அரிசியும் பருப்பும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிராம் புரதம் தருகின்றன. ஆறில் ஒரு பங்கு உண்ணும் குழந்தைக்கு ஒரே வேளையில் 6 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும்.

பாசிப்பருப்புக்குப் பதில் வேறு பருப்பையோ பயறையோ மாற்றி மாற்றிச் செய்யலாம். சிவப்பு ராஜ்மா மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் பொருள் மிதமான சூட்டில் அழியாது. குறைந்தது ஐந்து மணிநேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா தின்று வாந்தியெடுத்த குழந்தைக்கு, ‘பயறே ஒத்துக்கொள்ளாது’ என்று முத்திரை குத்தும் முன் சமைத்த விதத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

படி 6: ரொட்டிக்கும் குழம்புக்கும் மாற்று

அரிசி மாவில் குளூட்டன் இல்லாததால் குளிர்ந்த நீரில் பிசைந்தால் உதிரும். ஒரு கப் நீரில் உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஒரு கப் மாவைக் கொட்டிக் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். சூட்டில் மாவுச்சத்து பசையாகிப் பிடிமானம் தரும். கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்து இரண்டு தாள்களுக்கு நடுவே தேய்த்துச் சுட்டால் விரிசல் விழாது. ஆறிவிட்டால் விரிசல் விடும், அப்போது இரண்டு தேக்கரண்டி வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் மீட்டுவிடலாம்.

குழம்புக்கும் சூப்புக்கும் பாலேடு, முந்திரி இல்லாமல் கெட்டித்தன்மை வேண்டுமானால், வெந்த காலிஃபிளவரையோ வெள்ளைப் பயறையோ மிக்ஸியில் வெண்ணெய்போல அரைத்துச் சேருங்கள். பயறு புரதமும் தரும் என்பதால் நான் அதையே அதிகம் பயன்படுத்துகிறேன்.

படி 7: மீண்டும் அறிமுகப்படுத்துதல்

பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் பலருக்கு வயது ஏற ஏற அது தானாக விலகும், ஆகவே நீக்கிய உணவு என்றென்றைக்கும் நீங்கியதாக இருக்க வேண்டியதில்லை. உடனடி ஒவ்வாமை வந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது. மருத்துவமனையில், மருத்துவர் கண்முன் நடக்க வேண்டியது அது. சகிப்பின்மை மட்டும் என்று உறுதியானால், மருத்துவர் ஒப்புதலோடு ஒரு நேரத்தில் ஒரே உணவை, சிறு அளவில், குழந்தை நலமாக இருக்கும் நாளில், பகல் வேளையில் கொடுத்து, சில நாள் கவனித்தபின் அளவைக் கூட்டலாம். பழைய நோட்டுப்புத்தகத்தை அப்போதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு எதுவானாலும், விலக்க வேண்டியவற்றின் பட்டியலைப் புதிதாக எழுதித் தேதியிட்டு, பள்ளிக்கும் தாத்தா பாட்டிக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் அன்றே கொடுத்து, பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தயிர் ஒத்துக்கொள்ளத் தொடங்கி ஐந்து மாதமாகியும், குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தேதியில்லாத பழைய தாளைப் பார்த்து, பாட்டி தயிர்க் கிண்ணத்தை எட்டாத உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.