மென்பொருளை நீக்கிய பின் கோப்புகள் திறக்க மறுத்தால்

இலங்கையின் ஹட்டனில் மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் பழைய பிடிஎஃப் வாசிப்பு மென்பொருளை நீக்கியதும், அவர் சேமித்திருந்த சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கோப்புகள் பழுதடைந்துவிட்டன என்று அவர் அஞ்சினார். உண்மையில் அவற்றுக்கு எதுவும் நேரவில்லை. ஒவ்வொரு கோப்பு வகையையும் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் உள் தரவுத்தளத்தில்) குறித்து வைக்கிறது. மென்பொருள் போன பின்னும் அந்தக் குறிப்பு சில வேளைகளில் எஞ்சியிருந்து, இல்லாத ஒன்றையே தேடுகிறது.

கோப்பின் மீது வலது சொடுக்கிட்டு, ‘ஓப்பன் வித்’ என்பதன் கீழ் வேறு செயலியைத் தேர்ந்து, எப்போதும் அதையே பயன்படுத்துமாறு குறித்தால் பெரும்பாலும் போதும். பிடிஎஃப் கோப்புக்கு, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுடன் வரும் எட்ஜ் உலாவியே போதுமென்பதால், இணைப்பு மெதுவான தோட்டப் பகுதிகளில் புதிதாக எதையும் தரவிறக்கத் தேவையில்லை. பல வகைகள் ஒருங்கே குழம்பியிருந்தால், ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’, ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ என்று சென்று, கோப்பு வகைவாரியாக மாற்றலாம்.

ரெஜிஸ்ட்ரியை நேரடியாகத் திருத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். விண்டோஸ் 8 முதல் பயனரின் தெரிவு சரிபார்ப்புக் குறியீட்டுடன் பதியப்படுவதால், கையால் எழுதிய மாற்றம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.