நுவரெலியாவுக்கு முதல்முறை போகிறீர்களா? திட்டத்தைக் கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

இலங்கையின் மலைநாட்டில் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நுவரெலியா. கொழும்பில் சட்டை நனைய வியர்க்கிற அதே நாளில் இங்கே ஸ்வெட்டர் தேடுவீர்கள். ஏரியில் ஒரு படகுச் சவாரி, பழைய தபால் நிலையத்துக்கு முன்னால் ஒரு படம், அத்தோடு இறங்கிவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் இது மரக்கறியும் தேயிலையும் விளைகிற ஊர். தோட்டத்து வேலை விடியும்போதே தொடங்கிவிடும். பல நாட்களில் மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும். அதனால் திறந்தவெளி எல்லாம் காலையில், கூரைக்குக் கீழே இருப்பதெல்லாம் மதியத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக அமையும்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும். ஏப்ரலை இங்கே 'சீசன்' என்பார்கள். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், புத்தாண்டு விடுமுறை எல்லாம் சேர்ந்து கூட்டம் அள்ளும், அறை வாடகையும் ஏறும். என்னைக் கேட்டால் பிப்ரவரி அல்லது மார்ச். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. குடை பிடித்தபடியே ஊரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. போகும் வழி

ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. நானுஓயாவில் இறங்கி, சுமார் 8 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வர வேண்டும். ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். கண்டியிலிருந்து ரயிலுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கனமழை நாட்களில் மண்சரிவால் பாதை அடைபடுவதும் உண்டு, கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். கண்டியிலிருந்து றம்பொடை வழியாகச் சாலையிலும் வரலாம். வளைவுகள் அதிகம், வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காரட்டும்.

பஸ்ஸிலும் கடையிலும் தமிழ் தாராளமாகச் செல்லும்.

3. அறை எடுக்கும்போது கேட்க வேண்டியது

சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும், கூடுதல் கம்பளி உண்டா, இந்த இரண்டையும் கேளுங்கள். சாதாரண விடுதிகளில் ஹீட்டரை எதிர்பார்க்காதீர்கள். துவைத்த துணி இந்த ஈரக் குளிரில் லேசில் காயாது, காலுறைகளையாவது இரண்டு ஜோடி அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. முதல் காலை: மரக்கறித் தோட்டங்கள்

ஊரிலிருந்து வெலிமடை போகும் சாலையில் ஹக்கலைப் பக்கம் போங்கள். சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய பாத்திகளில் லீக்ஸ் (வெங்காய இனம்), கரட், கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட், உருளைக்கிழங்கு. வெள்ளைக்காரர் காலத்துக் காய்கள்தான் இவை. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848-இல் இங்கே ஒரு பண்ணைக் குடியிருப்பு அமைத்தார். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கூடக் கொண்டுவந்தார். அவர் 1855-இல் போய்விட்டார், ஆனால் விவசாயம் இங்கேயே நிலைத்துவிட்டது.

லீக்ஸ் பாத்தியருகே கொஞ்சம் நின்று பாருங்கள். செடி வளர வளரத் தண்டைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டே வருவார்கள். வெயில் படாத அடித்தண்டு வெள்ளையாக, பிஞ்சாக இருக்கும். மேலே வெளிச்சம் பட்ட இலை கரும்பச்சை. பாத்திக்குள் கால் வைக்காமல் வரப்பிலேயே நில்லுங்கள். வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அதே சாலையில் சீதா எலியவில் சீதையம்மன் கோவில். அதைத் தாண்டி ஹக்கலை தாவரவியல் பூங்கா. 1861-இல் மலேரியாவுக்கான கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான் அதைத் தொடங்கினார்கள். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் விடாது.

5. இரண்டாம் காலை: ஹோர்டன் சமவெளி

இந்தத் தேசியப் பூங்காவுக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். உள்ளே சுமார் 9 கிலோமீட்டர் வட்டப் பாதையில் நடை. 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் 800 மீட்டருக்கும் மேல் பள்ளம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி மூடிவிட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலை உணவைப் பாலித்தீனில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வாசலில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்நாட்டவரை விடப் பல மடங்கு. நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் இதை விட்டுவிடுங்கள், தப்பில்லை.

6. மதியம்: தேயிலைத் தொழிற்சாலை

ஊருக்குப் பக்கத்தில் பீட்ரு, கண்டி சாலையில் லபுக்கலை. இரண்டில் ஒன்று போதும். நீளமான தொட்டிகளில் கம்பி வலை மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட வைப்பார்கள். பிறகு உருட்டும் இயந்திரத்தில் இலை நசுங்கிச் சாறு கசியும். பச்சை மெல்லச் செம்பு நிறமாகும், பச்சைப்புல் வாசம் போய்ப் பழவாசம் வரும். அந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறம், மென்மையான மணம். பாலை ஊற்றினால் மணம் அமுங்கிவிடும். இங்கே மட்டுமாவது பிளேன் டீ குடித்துப் பாருங்கள்.

வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுக்க ஆசை வரும். பறித்த எடையை வைத்துத்தான் அவர்களுடைய நாள் கணக்கு, கூப்பிட்டு நிற்க வைக்காதீர்கள். லயங்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள், வேடிக்கை பார்க்கும் இடமல்ல.

7. இறங்கும் முன் வாங்குவது

தேயிலைக்கு இலங்கைச் சிங்க முத்திரை இருக்கிறதா பாருங்கள். சாலையோரக் கடைகளில் மரக்கறி பார்க்கவே ஆசையாக இருக்கும், ஆனால் விமானம் ஏறுகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டியதுதான். கொழும்புக்கோ கண்டிக்கோ போகிறவர்கள் லீக்ஸ் வாங்கலாம். சமைக்கும்போது தண்டை நீளவாக்கில் கீறி, மடல் மடலாக விரித்துக் கழுவுங்கள். அணைத்த மண் உள்மடிப்பு வரை போயிருக்கும், வெளியே கழுவினால் மட்டும் போகாது.