ஹாம் மன்றத்தின் வாராந்திர நெட்டை நடத்தும் முறை

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) நெட், அதாவது பலர் ஒரே அலைவரிசையில் கூடி முறைவைத்துப் பேசும் வானொலிக் கூட்டம், நடத்த விரும்பும் ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) மன்றம், நிதானமாகப் பேசும் உரிமதாரர் ஒருவரைக் கட்டுப்பாட்டு நிலையமாக, அதாவது நெட்டை நெறிப்படுத்துபவராக, அமர்த்த வேண்டும். அவர் அலைவரிசை காலியாக உள்ளதா என்று கேட்டறிந்து, தம் அழைப்புக்குறியை (உரிமத்தோடு வழங்கப்படும் அடையாளக் குறியீட்டை) சொல்லி, அவசரச் செய்தி வைத்திருப்போரை முதலில் அழைத்த பின்னரே மற்றவர்களின் வருகையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ரிப்பீட்டர் (சிக்னலைப் பெற்று மீண்டும் அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுவோர், பேசுவதற்கான பொத்தானை அழுத்தியபின் ஒரு நொடி பொறுத்துப் பேசாவிட்டால் முதல் எழுத்துகள் விடுபட்டுவிடும்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் வானொலியில் செய்திகளை அனுப்பியதற்கு இத்தகைய ஒழுங்கே துணைநின்றது என்பது என் உறுதியான கருத்து. எனவே மாதம் ஒருமுறையேனும், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு பேட்டரியில் மட்டுமே நெட்டை நடத்துங்கள். அன்று புதிய உறுப்பினர் ஒருவரையே கட்டுப்பாட்டு நிலையமாக அமர்த்துங்கள்.