முன்கண்ணாடி ஒழுகினால் முதலில் தகரத்தைப் பாருங்கள்

என் காரில் முதலில் வந்தது தண்ணீர் அல்ல, வாடை. கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். கார்பெட்டை மேலே தொட்டால் காய்ந்திருக்கும், தூக்கினால் அடியிலிருந்த ஸ்பாஞ்ச் பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. 1959 முதல் 2000 வரை தயாரான, மினி என்ற சிறிய பிரிட்டிஷ் காரின் பழைய வண்டிகளில் ஒன்று அது. முன்கண்ணாடியை ஒரு ரப்பர் பீடிங்தான் பிடித்திருக்கும். பீடிங்கின் குறுக்குவெட்டு ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும்: ஒரு காடியில் கண்ணாடி, எதிர்ப்பக்கக் காடியில் பாடியின் தகர விளிம்பு. இப்போதைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் முறை பொருந்தாது.

ஒழுகல் என்றதும் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) டியூபைத் தேடாதீர்கள். தண்ணீர் உள்ளே வரும் இடமும் சொட்டும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. மேல் மூலையில் நுழைந்து, பீடிங்குக்குள்ளேயே ஓடி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரைப் பிடித்து இறங்கி, கால் வைக்கும் இடத்தில் விழும். அதே இடத்தில் வைப்பர் தண்டைச் சுற்றியுள்ள வாசர் (அடைப்பு வளையம்) வழியாகவும் வரும், ஹீட்டருக்குக் காற்று போகும் பெட்டி வழியாகவும் வரும், கதவு ரப்பர் வழியாகவும் வரும். அதனால் சோதனைக்கு ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள்.

கார்பெட்டை வெளியே எடுத்துவிட்டு உள்ளே நன்றாகக் காயவிட்டேன். பீடிங்கின் உள்விளிம்பு நெடுக முகப்பவுடரைத் தூவினேன். தம்பி டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்தான், நான் வெளியே ஹோஸுடன் நின்றேன். தண்ணீர் மெதுவாக வழிந்தால் போதும், பீய்ச்ச வேண்டாம். பீய்ச்சினால் நல்ல ரப்பரும் ஒழுகும். கீழே இருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் வைப்பருக்கு அடியில் ஐந்து நிமிடம், அப்புறம் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. நாங்கள் வலது பக்கத்தில் பாதி உயரம் ஏறியபோது, "அக்கா, நிறுத்து! பவுடரில் கோடு விழுது" என்றான்.

அந்தக் கோடு எங்கே பிறக்கிறது என்று உற்றுப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டி இறங்கினால், கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே வழி இருக்கிறது. ரப்பருக்குப் பின்னாலிருந்து வந்தால், ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே. இரண்டாவதுதான் கவலைப்பட வேண்டியது, ஏனென்றால் தகரம் அங்கே எந்நேரமும் நனைந்து கிடக்கிறது.

அடுத்து ரப்பரை நகத்தால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கி, எழுந்து வந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. மரக்கட்டை மாதிரி இருந்தாலோ, வெடிப்பு ஓடியிருந்தாலோ, மூலைகளில் சுருங்கி இடைவெளி தெரிந்தாலோ, சீலன்ட் அதைக் காப்பாற்றாது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இப்படித்தான் கெட்டிப்படுத்துகின்றன.

உயிருள்ள ரப்பராக இருந்தால் வேலை சுலபம். என்றுமே இறுகாத, ப்யூட்டைல் வகை கண்ணாடி சீலன்ட் வாங்குங்கள். கார் ஓடும்போது பாடி கொஞ்சம் முறுகும். இறுகிப்போகும் பசை அந்த அசைவில் விட்டுவிடும், இறுகாதது கூடவே நெளிந்து கொடுக்கும். ரப்பரின் உதட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் ஈரத்தை ஹேர் டிரையரால் போக்கி, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, டியூபின் மூக்கை உள்ளே நுழைத்துச் சீராக இழுத்துக்கொண்டே போங்கள். முதலில் கண்ணாடிப் பக்கம், அப்புறம் பாடிப் பக்கம். ஈரத்தின் மேல் போட்ட சீலன்ட் தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்கும்.

சிலிகான் மட்டும் வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். அமிலம் இரும்பை அரிக்கும். அதோடு சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்டும் பிடிக்காது. என் காரில் யாரோ எப்போதோ விரல் கனத்துக்கு அதை அப்பியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு மாலை ஆனது, அடியில் தகரம் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது.

ஆகவே என் காரில் ரப்பரை மாற்றத்தான் வேண்டியிருந்தது. வைப்பர் கைகளைக் கழற்றினேன். மினியின் பீடிங்கில் வெளிப்பக்கம் பூட்டுப்பட்டை ஒன்று ஓடும். ரப்பரை இறுக்கிப் பிடிப்பதே அதுதான். அதன் முனையை நெம்பி முழுவதும் உருவிவிட்டு, பழைய ரப்பரின் வெளி உதட்டைக் கத்தியால் அறுத்தேன். புதிய ரப்பர் போடப்போகிறீர்கள் என்றால் பழையதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கண்ணாடியைக் காப்பாற்றுங்கள். லேமினேட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் ஓரத்திலிருந்து விரிசல் விடும். டெம்பர் செய்த (சூடேற்றிக் கடினப்படுத்திய) கண்ணாடி மொத்தமாகப் பொடியாகிவிடும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் போட்டுக்கொண்டு, ஒருவர் உள்ளிருந்து மேல் மூலையில் உள்ளங்கையை விரித்து மெல்லத் தள்ள, இன்னொருவர் வெளியே ஏந்த வேண்டும்.

கண்ணாடி வெளியே வந்ததும்தான் உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியும். வலது கீழ் மூலையில் நீள ஓட்டையே விழுந்திருந்தது. அதைப் பட்டி வைத்து மூடலாம் என்று ஆசை வரும். வைக்காதீர்கள். கெட்டதை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, அரவைக்கல்லால் பழைய கனத்துக்கே கொண்டுவர வேண்டும். விளிம்பு தடித்துப்போனால் ரப்பர் முழுதாக உட்காராது. ஒழுகல் திரும்ப வரும். மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு மாற்றி (துருவை நிலையான பூச்சாக மாற்றும் திரவம்), ப்ரைமர், பெயிண்ட் என்ற வரிசை போதும். பெயிண்ட் நன்றாக இறுகும்வரை காத்திருங்கள். நான் ஒரு வாரம் விட்டேன். சரியாகக் காயாத பெயிண்டின் மேல் ரப்பரை ஏற்றினால் உரிந்து வந்துவிடும்.

புதிய ரப்பரைப் பழையதன் ஒரு வெட்டுத் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு காடிகளின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். அரை மணி நேரம் வெயிலில் கிடந்தால் சொன்னபடி கேட்கும். பூட்டுப்பட்டை உள்ள காரில் ரப்பரை முதலில் பாடியில் மாட்டி, மூலைகளில் நன்றாக அமுக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைக் கீழ்க் காடியில் நிறுத்தி, சுற்றிலும் ரப்பர் உதட்டை மழுங்கிய பிளாஸ்டிக் நெம்பியால் கண்ணாடிக்கு மேல் எடுத்துவிட வேண்டும். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். கடைசியில் பூட்டுப்பட்டையை அதற்கென்று உள்ள வளையக் கருவியால் ஏற்றுங்கள். பட்டை நாளடைவில் சுருங்கும், அதனால் 1 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, அமுக்கிச் சேர்த்தேன்.

பூட்டுப்பட்டை இல்லாத காரில் கயிறுதான் வழி. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, வெளிக்காடி நெடுக 4 அல்லது 5 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைப் பதித்து, இரு நுனிகளும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விடுங்கள். வெளியே ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டி அமுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே வந்தால், உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். வோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி அலங்காரப்பட்டை உள்ள காரில், அந்தப் பட்டையைக் கண்ணாடி ஏறும் முன்பே ரப்பரில் பொருத்திவிட வேண்டும். பிறகு அது லேசில் ஏறாது.

மறுநாள் ஹோஸ் சோதனையில் முன்கண்ணாடி சொட்டு விடவில்லை. ஆனால் இடது பக்கம் ஒரு துளி வந்தது. வைப்பர் தண்டின் வாசர் வெடித்திருந்தது, மாற்றினேன். கார்பெட்டை உடனே விரிக்கவில்லை. வெறும் தகரத்தில் செய்தித்தாளைப் பரப்பிவிட்டேன். ஈரம் பட்டால் தாள் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பெரிய மழைக்குப் பிறகும் தாள் சுருங்காமல் கிடந்ததும், புது ஸ்பாஞ்ச் வெட்டிப் போட்டுக் கார்பெட்டை விரித்தேன்.