பூங்கா வரப்போகும் நிலத்தில் தொல்லியல், வரலாற்று ஆய்வு: திட்டமிடுவது எப்படி?

பெரிய நிலம் ஒன்று பூங்காவாகப் போகிறது. அங்கே பழைய குடியிருப்போ வழித்தடமோ கட்டடமோ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. அப்படி ஓர் ஆய்வைத் திட்டமிட்டு முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஜிபிஎஸ் கருவியைக் கையாளவும், கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடத்தைத் திறக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நில உரிமையாளரின் சம்மதமும் சட்டப்படி வேண்டிய அனுமதியும் எழுத்தில் கைக்கு வராமல் நிலத்தில் இறங்க வேண்டாம்.

படி 1: எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள்?

பலரும் இதைக் கடைசியில் கேட்கிறார்கள். முதலிலேயே கேளுங்கள். பூங்காவில் நடைபாதையால் வரும் சேதம் குறைவு. மரக்குழி, தண்ணீர்க் குழாய்க்கான பள்ளம், வண்டி நிறுத்த மட்டப்படுத்தும் இடம், குளம் ஆகியவைதான் அடியில் இருப்பதைக் கிழித்துவிடும். வடிவமைப்பாளரிடம் வரைவுத் திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் தோண்டும் ஆழத்தை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வடிவமைப்பு இறுதியாகிவிட்டால் ஆய்வு வெறும் சடங்காகிவிடும். மாற்ற இடமிருக்கும்போதே நீங்கள் உள்ளே நுழைய வேண்டும்.

படி 2: பழைய வரைபடங்களைப் பொருத்துவது

பழைய நில அளவை வரைபடங்கள், வானிலிருந்து எடுத்த படங்கள், சொத்து ஆவணங்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். 1960 முதல் 1972 வரை கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை அமெரிக்க அரசு 1995-இல் பொதுப் பார்வைக்கு விட்டது. ஊர்கள் இப்போதைய அளவுக்குப் பரவுவதற்கு முந்தைய நிலத்தை அவற்றில் பார்க்கலாம். உங்கள் பகுதி அதில் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

என்னை நிறைய நேரம் பிடித்து நிறுத்திய வேலை, இந்தப் படங்களை இன்றைய நிலத்தோடு பொருத்துவதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டிலும் இருக்கும் ஒரே இடங்களைப் பொருத்துப் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். ஆற்றங்கரை வேண்டாம், இடம் மாறியிருக்கும். சாலை ஓரமும் வேண்டாம், அகலப்படுத்தியிருப்பார்கள். பழைய பாலத்தின் முனை, கட்டட மூலை, எல்லைக்கல் இவைதான் நம்பத்தக்கவை. புள்ளிகளை ஒரே பக்கம் குவிக்காமல் நான்கு மூலைகளிலும் நடுவிலும் பரப்புங்கள்.

புள்ளிகளை வைத்துப் பழைய படத்தை இன்றைய நிலத்தின் மேல் பொருத்தும் கணக்குக்கு உருமாற்ற முறை என்று பெயர். அதை மென்பொருளில் தேர்வு செய்யும்போது 'தின் பிளேட் ஸ்பிளைன்' என்ற வகை கண்ணைக் கவரும். வரைபடத்தை இழுத்து வளைத்து எல்லாப் புள்ளிகளையும் அச்சாகப் பொருத்திவிடும், பிழையே இல்லை போலத் தோன்றும். தவறாக வைத்த புள்ளியும் அதில் மறைந்துவிடும். படத்தை அங்கங்கே வளைக்காமல் முழுதாக நகர்த்தி, திருப்பி, இழுத்துப் பொருத்தும் முதல் வரிசைப் பல்லுறுப்பு முறையில் தொடங்குங்கள். அதற்கு மூன்று புள்ளிகளே போதும் என்றாலும் எட்டு, பத்து வையுங்கள். எந்தப் புள்ளி துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதைத் திருத்தலாம். இரண்டு புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டு, கடைசியில் அவை சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள்.

அளவுகோலையும் மறக்காதீர்கள். 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். 1:5,000 என்றால் இரண்டரை மீட்டர். முதல் வகையில் ஒரு கிணற்றைப் பார்த்தால் அதைச் சுற்றி 25 மீட்டராவது தேட வேண்டும்.

மரங்கள் அடர்ந்த நிலமென்றால் லைடார் தரவு, அதாவது வானிலிருந்து லேசர் பாய்ச்சித் தரையின் உயரத்தை அளந்த தரவு, கிடைக்குமா என்று கேளுங்கள். இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொடும் லேசர் துடிப்புகளை வைத்து மேடுபள்ளத்தை வரைந்துவிடலாம். 2009-இல் பெலீஸ் நாட்டின் கரகோலில் காட்டுக்கு அடியில் கிடந்த மாயா நகரத்தின் படிக்கட்டு வயல்களும் சாலைகளும் இப்படித்தான் தெரிந்தன.

படி 3: நடப்பது

இணைகோடுகளில் நடக்கிறோம். கோடுகளுக்கு இடையே 15 மீட்டர் விட்டால் 40 ஹெக்டேருக்குச் சுமார் 27 கிலோமீட்டர் நடை. நால்வருக்கு ஆளுக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் கவனமாகப் பார்ப்பது இரண்டு மீட்டர் அகலம் என்று வைத்தால், நிலத்தில் ஏறக்குறைய 13 விழுக்காட்டைத்தான் கண்ணால் கண்டிருப்போம். அதனால் முக்கியமான இடங்களில் இடைவெளியை ஐந்து மீட்டராகக் குறையுங்கள்.

ஒவ்வொரு கோட்டிலும் தரை எத்தனை விழுக்காடு தெரிந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். புல் மூடிய இடத்தில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பதும், வெறுந்தரையில் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பதும் ஒன்றல்ல. புல் நிறைந்த இடத்தில் எலி வளை வாயில் தள்ளிக் கிடக்கும் மண்ணையும், சாய்ந்த மரத்தின் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணையும் குனிந்து பாருங்கள். அடியில் இருக்கும் ஓட்டுச்சில்லுகள் அங்கேதான் மேலே வரும். எதையும் எடுக்க வேண்டாம். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பதிவுக்கு நான் பயன்படுத்துவது கியூஃபீல்ட் செயலி, கூடவே பென்சிலும் அச்சிட்ட படிவமும். திறந்தவெளியில் கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். காகிதத்தில் ஒரு சின்ன வரைபடம் இருந்தால் பிசகைப் பிற்பாடு சரிசெய்யலாம்.

படி 4: பேசுவது

அந்த நிலத்தை அறிந்த பெரியவர்களை அறையில் உட்காரவைத்துக் கேட்காமல் நிலத்துக்கே அழைத்துப் போங்கள். வரிசையாக நிற்கும் மூன்று மரங்களைப் பார்த்ததும் நினைவு வரும். அவர்கள் சொன்ன இடத்தையும், சொன்ன சொல்லையும் அப்படியே பதியுங்கள், உங்கள் விளக்கம் தனிப் பத்தியில் இருக்கட்டும்.

படி 5: சந்தேகமான இடங்களில் மட்டும் கருவிகள்

மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானி, புதைந்த அடுப்பு, சூளை, மூடிய அகழி ஆகியவற்றைக் காட்டும். இரும்பு வேலிக்குப் பக்கத்தில் குழம்பிவிடும். தரை ஊடுருவும் ரேடார் காய்ந்த மணலில் அருமை, ஈரக் களிமண்ணில் ஆழம் போகாது. சோதனைக்குழி தோண்டுவது பயிற்சி பெற்ற தொல்லியலாளர் மேற்பார்வையில், அதற்கென வாங்கிய அனுமதியோடு மட்டும்.

படி 6: வடிவமைப்பாளர் படிக்கக்கூடிய வரைபடம்

மூன்று நிறம் போதும்: தோண்டக்கூடாத இடம், ஆள் நின்று பார்க்க வேண்டிய இடம், தடையில்லாத இடம். நான்காவதாகச் சாம்பல் நிறமும் வையுங்கள்: பார்க்க முடியாத இடம். இதைச் சேர்க்காவிட்டால் புதர் மூடிய மூலையெல்லாம் தடையில்லாததாகிவிடும்.

பின்சேர்க்கை: படித்த சிலர், கியூஜிஐஎஸ்ஸில் நடைக்கோடுகளின் நீளம் 0.003 என்பது போல வருகிறதே, ஏன் என்று கேட்டார்கள். உங்கள் திட்டக்கோப்பு பாகையில் (டிகிரி) இருக்கிறது. இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் உங்கள் பகுதிக்கான மண்டலத்துக்கு மாற்றினால் மீட்டரில் வரும்.

இன்னொரு கேள்வி, முழு அறிக்கையையும் இணையத்தில் போடலாமா என்பது. போடலாம், ஆனால் பொருள்கள் கிடந்த இடங்களின் ஆயத்தொலைவுகளை நீக்கிவிட்டுப் போடுங்கள். உலோகங்காட்டியோடு திரிபவர்களுக்கு அந்த எண்கள் போதும்.